மேசைக்கணினியில் ஒலிவாங்கி வேலை செய்யவில்லை: இணையவழிப் பண்ணிசை வகுப்பு தடைப்பட்டுள்ளது

உவர்மலை இசையாசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை. சனிக்கிழமை மாலைகளில் சூம் வழியாகப் பண்ணிசை வகுப்பு நடத்திவருகிறேன். உள்ளூர்ப் பிள்ளைகளோடு டொரொன்டோவிலும் இலண்டனிலும் வளரும் எங்கள் பிள்ளைகளும் அதில் சேருகின்றனர். இங்கே மாலை ஆறரை மணியாகும்போது கோடைகாலத்தில் டொரொன்டோவில் காலை ஒன்பது மணி என்பதால், வகுப்பு நேரத்தை விரும்பியபடி தள்ளிவைக்க முடியாது.

மடிக்கணினியின் சிறிய திரையில் பிள்ளைகள் தாளம் போடும் கை தெரிவதில்லை என்பதற்காக, உதிரிப்பாகங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு மேசைக்கணினியை அண்மையில் வாங்கினோம். அதில் விண்டோஸ் 10 உள்ளது. பிள்ளைகள் பாடுவது எனக்கு ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் நான் பாடுவதும் பேசுவதும் அவர்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை. சூம் திரையில் ஒலிவாங்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு இல்லை, அதாவது சூமில் ஒலிவாங்கி அடைக்கப்படவில்லை. மடிக்கணினியில் நன்றாக வேலை செய்த அதே கைத்தொலைபேசி இயர்போனைத்தான் இதன் முன்பக்கத் துளையிலும் செருகியிருக்கிறேன். கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டபோது, மதர்போர்டில், அதாவது கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையில், பழுது இருக்கலாம், மாற்றவேண்டி வரும் என்றார். அவ்வளவு பணத்தைச் செலவிடுவதற்கு முன் வீட்டிலிருந்தபடியே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இருந்தால் சொல்லுங்கள்.

கிண்ணியா திருத்துநர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கணினியைத் திறந்து பார்க்காமல் சொல்லப்பட்ட தீர்ப்பை இப்போதைக்கு ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். ஒலிவாங்கி வேலை செய்யவில்லை என்று என் மேசைக்கு வரும் கணினிகளில், மதர்போர்டே பழுதாகியிருப்பது மிக அரிது.

உங்கள் குரல் பிள்ளைகளின் காதைச் சென்றடைவதற்கு முன் ஒலிவாங்கி, கம்பி, பிளக், துளை, ஒலிச்சில்லு, அதனை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள், விண்டோஸ் தரும் அனுமதி, சூமில் செய்த தெரிவு என்று வரிசையாகப் பல இடங்களைக் கடக்கிறது. குரல் இவற்றில் எங்கே நின்றுவிட்டது என்பதை அறிய, வழியின் நடுவில் ஒரு சோதனை இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராதபோது நடுவிலுள்ள ஒரு மூட்டைக் கழற்றிப் பார்ப்பது போன்றது அது. சூமை முற்றாக மூடிவிட்டு, விண்டோஸ் அமைப்புகளில் ‘சிஸ்டம்’ பகுதிக்குள் ‘சவுண்ட்’ என்பதைத் திறந்து, ‘இன்புட்’ என்ற தலைப்பின் கீழ் ‘டெஸ்ட் யுவர் மைக்ரோஃபோன்’ என்று இருக்கும் நீலப்பட்டையைப் பார்த்துக்கொண்டே பேசுங்கள். பட்டை ஏறி இறங்கினால் ஒலிவாங்கியிலிருந்து விண்டோஸ் வரையுள்ள வழி சரியாக இருக்கிறது, கோளாறு சூமிலோ அனுமதியிலோ இருக்கிறது என்று கொள்ளலாம். பட்டை அசையவே இல்லையென்றால் சூமை எவ்வளவு நோண்டினாலும் பயன் வராது.

அந்தப் பட்டை அசைகிறதா, இயர்போன் பிளக்கில் எத்தனை கறுப்பு வளையங்கள் உள்ளன, செருகிய துளை என்ன நிறம், கமரா தனியாக இருந்தால் அது எந்த வகை என்பவற்றையும் பார்த்து எழுதுங்கள். வேறெதையும் அதுவரை மாற்றவேண்டாம். ஒரே நேரத்தில் நான்கு இடங்களைத் தொட்டால், எது சரிசெய்தது என்பதும் தெரியாது, எது கெடுத்தது என்பதும் தெரியாது.

உவர்மலை இசையாசிரியை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. நீங்கள் கூறியபடி பார்த்தேன். பட்டை சிறிதும் அசையவில்லை. பிளக்கில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கின்றன. முன்பக்கத்தில் இரண்டு துளைகள் உள்ளன. ஒலிவாங்கிப் படம் போட்டிருக்கும் இளஞ்சிவப்புத் துளையில் செருகியிருக்கிறேன். ஒலிபெருக்கிகள் பின்பக்கப் பச்சைத் துளையில் உள்ளன. கமரா யூஎஸ்பி வழியாக இணைக்கப்பட்டுத் திரையின் மேல் நிற்கிறது.

கிண்ணியா திருத்துநர் எழுதியது:

மூன்று கறுப்பு வளையங்கள் என்று நீங்கள் எழுதியதிலேயே பெரும்பகுதி விளங்கிவிட்டது. இதே சிக்கல் உள்ள வேறு வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பிளக்கில் உள்ள கறுப்பு வளையங்கள் தொடுகைகளைப் பிரிக்கும் காப்புகள். இரண்டு வளையங்கள் இருந்தால் தொடுகைகள் மூன்று, மூன்று வளையங்கள் இருந்தால் தொடுகைகள் நான்கு. கைத்தொலைபேசி இயர்போனின் 3.5 மி.மீ. பிளக்கில் நுனி இடது காதுக்கும், அடுத்தது வலது காதுக்கும், மூன்றாவது பொதுக்கம்பிக்கும், அடியில் இருப்பது ஒலிவாங்கிக்கும் உரியவை. இன்று சந்தையில் உள்ள பெரும்பாலானவை இந்த ஒழுங்கில்தான் வருகின்றன. சில பழைய கைத்தொலைபேசிகளில் மட்டும் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். உங்கள் மடிக்கணினியில் ஒரே துளைதான் இருந்திருக்கும். அது நான்கு தொடுகைக்கென்றே செய்யப்பட்டது, ஆதலால் அங்கே வேலை செய்தது. மேசைக்கணினியின் இளஞ்சிவப்புத் துளையோ மூன்று தொடுகைக்கு உரியது. அது ஒலிவாங்கியை நுனியில் எதிர்பார்க்கிறது. உங்கள் பிளக்கின் நுனியில் இருப்பதோ இடது காதின் கம்பி.

இதில் மின்சாரம் சார்ந்த ஒரு காரணமும் உண்டு. இயர்போனுக்குள் இருப்பது எலெக்ட்ரெட் வகை ஒலிவாங்கி. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் ஆகிய இருவரும் 1962 இல் உருவாக்கிய அந்த வகைதான், பின்னர் தொலைபேசிகளிலும் கணினிகளிலும் பரவியது. அதன் உள்ளே ஒரு சிறிய டிரான்சிஸ்டர் இருப்பதால், வேலை செய்வதற்குச் சில வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். அதை இளஞ்சிவப்புத் துளையே கொடுக்கிறது. தொடுகைகளின் வரிசை பொருந்தாவிட்டால் அந்த மின்னழுத்தம் உரிய இடத்துக்குப் போய்ச் சேராது. சில வேளைகளில் மங்கலாக ஏதோ கேட்கும், பெரும்பாலும் ஒன்றும் கேட்காது. கருவி இரண்டும் நன்றாக இருந்தும் பட்டை அசையாமல் இருப்பதற்கு இது போதுமான காரணம்.

உங்களுக்கு வேண்டியது, ஒரு பக்கத்தில் நான்கு தொடுகைப் பிளக்கை ஏற்கும் ஒரு துளையும், மறுபக்கத்தில் பச்சை, இளஞ்சிவப்பு என்று இரண்டு பிளக்குகளும் உள்ள பிரிப்பான் கம்பி. விலை குறைந்த பொருள்தான், ஆனால் வாங்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்யும் கம்பியும், அதாவது இரண்டு துளைகளும் ஒரு பிளக்கும் உள்ளதும், ஒரே பாட்டை இருவர் கேட்பதற்கான கம்பியும் பார்வைக்கு ஏறத்தாழ இதைப் போலவே இருக்கும். கடையில் இயர்போனையும் கையோடு கொண்டுபோய்க் காட்டி, கணினியில் செருகுவதற்கு இரண்டு பிளக்குகள் உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

கோணேசபுரி வளாக மாணவன் எழுதியது:

வணக்கம் ஆசிரியை. திருத்துநர் அண்ணா சொன்ன கம்பி கிடைக்கும்வரை இந்தச் சனிக்கிழமை வகுப்பு நிற்கவேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. யூஎஸ்பி கமராக்கள் பலவற்றில் சொந்தமாக ஒலிவாங்கி உண்டு. சூம் திரையில் ஒலிவாங்கிப் படத்துக்கு அருகிலுள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தினால் கணினி அறிந்துள்ள ஒலிவாங்கிகளின் பட்டியல் விரியும். அதில் கமராவின் பெயர் இருந்தால் அதைத் தெரிவுசெய்துவிட்டு வகுப்பைத் தொடங்கலாம். விண்டோஸ் எதைத் தெரிவுசெய்திருந்தாலும் சூம் தனக்கென்று ஒரு தெரிவை வைத்துக்கொள்ளும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பட்டியலில் வரவேண்டிய ஒன்று வரவில்லையென்றால், திரையின் வலது கீழ்மூலையில் உள்ள ஒலிபெருக்கிப் படத்தை வலப்பொத்தானால் அழுத்தி ‘சவுண்ட்ஸ்’ என்பதைத் திறந்து, ‘ரெக்கோர்டிங்’ என்ற தாவலுக்குப் போங்கள். அங்கே வெற்றிடத்தில் மீண்டும் வலப்பொத்தானை அழுத்தினால், முடக்கப்பட்ட கருவிகளைக் காட்டு என்ற பொருளில் ‘ஷோ டிசேபிள்ட் டிவைசஸ்’ என்று ஒரு வரி இருக்கும். யாரோ எப்போதோ முடக்கிவிட்ட ஒலிவாங்கி அதை அழுத்திய பின்னரே மங்கிய நிறத்தில் கண்ணுக்குத் தெரியும். அதைச் செயற்படுத்தலாம்.

அடுத்தது அனுமதி. அமைப்புகளில் ‘பிரைவசி’ பகுதிக்குள் ‘மைக்ரோஃபோன்’ என்ற பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஆளிகள் இருக்கின்றன. மேலே உள்ளது கணினி முழுவதற்கும், அடுத்தது செயலிகளுக்கும், கடைசியில் கீழே தள்ளிப் பார்த்தால்தான் தெரியும் ஒன்று ‘டெஸ்க்டொப் அப்ஸ்’ எனப்படும் செயலிகளுக்கும் உரியவை. இணையத்திலிருந்து இறக்கி நிறுவிய சூம் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. மேலே உள்ள ஆளிகள் திறந்திருந்து இது மட்டும் மூடியிருந்தால் ‘மைக்ரோசொஃப்ட் ஸ்டோர்’ என்ற இணையக்கடையிலிருந்து எடுத்த செயலிகளுக்கு உங்கள் குரல் கேட்கும், சூமுக்குக் கேட்காது. விண்டோஸ் 11 இல் இதே பக்கம் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ என்பதன் கீழ் உள்ளது. கூகுள் மீட் போன்றவற்றை உலாவியில் பயன்படுத்துவோர், முகவரிப் பட்டையின் இடப்பக்கத்தில் உள்ள சிறு படத்தை அழுத்தி, அந்தத் தளத்துக்கு ஒலிவாங்கி அனுமதி தரப்பட்டுள்ளதா என்பதையும் தனியாகப் பார்க்கவேண்டும்.

சம்பல்தீவு தட்டச்சாளர் எழுதியது:

இவ்வளவு நீளமான ஆராய்ச்சி தேவையா என்று கேட்கிறேன். யூஎஸ்பி ஹெட்செட் ஒன்றை வாங்கிச் செருகினால் நிறமும் வளையமும் பார்க்கவேண்டியதில்லை. அதற்குள்ளேயே ஒலி அட்டை இருக்கிறது. மதர்போர்டின் துளை கெட்டிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. நான் தட்டச்சு செய்யும் அலுவலகத்தில் கூட்டங்களுக்கு எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கின்றனர். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைக் கணினிக்குப் பின்னால் குனிந்து கம்பி தேடவைப்பதைவிட அது மேலல்லவா?

கிண்ணியா திருத்துநர் எழுதியது:

யூஎஸ்பி ஹெட்செட் நல்ல வழி என்பதை நான் மறுக்கவில்லை. துளை உண்மையிலேயே பழுதென்று தெரிந்த கணினிகளுக்கு நானே அதைத்தான் சொல்கிறேன். ஆனால் பழுது எங்கே என்று பார்க்காமல் வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது, ஒரு தாய் தம் மகனுக்காக அடுத்தடுத்து ஹெட்செட்டுகளை வாங்கி, எதுவும் கேட்கவில்லை என்று என்னிடம் வந்தார். வளாகத் தம்பி மேலே எழுதிய அந்தக் கடைசி ஆளி மூடியிருந்தது. அனுமதி மூடியிருந்தால் யூஎஸ்பி ஹெட்செட்டும் பேசாது, எத்தனை விலை கொடுத்து வாங்கியதும் பேசாது. மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அந்தப் பணத்துக்கு வேறு எவ்வளவோ தேவை இருந்தது. நீலப்பட்டையைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அதைப் பார்த்த பிறகு வாங்குவதானால் மனநிறைவோடு வாங்கலாம்.

சம்பல்தீவு தட்டச்சாளர் எழுதியது:

அனுமதி மூடியிருந்தால் யூஎஸ்பிக்கும் அதே கதிதான் என்பது சரியான பேச்சு. ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் இன்னொன்றைக் கேட்கவேண்டும். எங்கள் ஊர் கடலை ஒட்டியது. உப்புக்காற்றில் துளைகளே கெட்டுப்போகின்றன. அதற்கு என்ன செய்வது?

கிண்ணியா திருத்துநர் எழுதியது:

நல்ல கேள்வி. வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடலோர வீடுகளில் ஈரமும் உப்பும் சேர்ந்து எல்லா உலோகத்திலும் ஏறுகின்றன. ஒலித்துளையின் தொடுகைகள் மெல்லிய தகடுகள். அவற்றில் களிம்பு படிந்தால் ஒலி விட்டுவிட்டு வரும், கரகரக்கும், பிளக்கைச் சுற்றும்போது மட்டும் கேட்கும். இந்த அறிகுறி இருந்தால், கணினியை நிறுத்தி மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, பிளக்கைப் பலமுறை செருகி எடுத்துச் சுழற்றினாலே மேற்படிவு ஓரளவு உரிந்துவிடும். போதாவிட்டால் பிளக்கின் மேல் ஐசோபுரொப்பைல் அல்ககோலைச் சிறிதளவு தடவிச் செருகி எடுத்து, நன்றாக உலர்ந்த பின்னர் கணினியை இயக்கலாம். தேங்காயெண்ணெய், வாகனத்துக்கு அடிக்கும் துருநீக்கி போன்றவற்றைத் துளைக்குள் விடக்கூடாது. அவை தூசியைப் பிடித்துவைத்துப் பின்னர் பெரிய தொல்லை தரும். ஊசி, பல்குத்தி எதையும் உள்ளே விடவேண்டாம். மடிக்கணினியின் கமராவுக்கு அருகில் இருக்கும் ஊசித்துளைதான் அதன் ஒலிவாங்கி, அதைக் குத்தினால் உள்ளேயிருக்கும் பகுதி கிழிந்துவிடும். அதன் மேல் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதே போதும்.

பயன்படுத்தாத நாட்களில் துளையில் ஒரு வெற்றுப் பிளக்கைச் செருகி வைக்கும் பழக்கம் சிலரிடம் உள்ளது. அதை நான் பரிந்துரைப்பதில்லை. பிளக் செருகப்பட்டிருப்பதாகக் கணினி எண்ணிக்கொண்டு வேறு ஒலிவாங்கிக்கு மாறாமல் நிற்கக்கூடும்.

உவர்மலை இசையாசிரியை எழுதியது:

வளாகத் தம்பி கூறியபடி கமராவின் ஒலிவாங்கியைத் தெரிவுசெய்து கடந்த வகுப்பை நடத்த முடிந்தது. பிள்ளைகளுக்குப் பேச்சு விளங்கியதாம். ஆனால் பாட்டு தூரத்திலிருந்து கேட்பதுபோல் இருந்ததாகப் பெற்றோர் கூறினர். பிரிப்பான் கம்பியை மத்திய வீதியில் தேடி வாங்கிவிட்டேன். அதை முன்பக்கத் துளைகளில் செருகியபோது பட்டை அசையவில்லை. பின்பக்கத்தில் ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு, அங்கேயுள்ள பச்சை, இளஞ்சிவப்புத் துளைகளில் செருகியபோது பட்டை அசைகிறது! ஆனால் மிகக் குறைவாகவே அசைகிறது. பதிவுசெய்து கேட்டால் குரலுக்குப் பின்னால் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் தொடர்ந்து வருகிறது.

கிண்ணியா திருத்துநர் எழுதியது:

மிகவும் மகிழ்ச்சி ஆசிரியை. மதர்போர்ட் நன்றாக இருக்கிறது என்பது இப்போது உறுதியாகிவிட்டது. பின்பக்கத் துளைகள் மதர்போர்டிலேயே பொருத்தப்பட்டவை. முன்பக்கத் துளைகள் பெட்டியோடு வருபவை, ஒரு தனிக்கம்பி மூலம் மதர்போர்டிலுள்ள ஊசிவரிசையில் சேர்க்கப்படவேண்டும். உதிரிப்பாகங்களைச் சேர்த்துக் கட்டும்போது அந்தக் கம்பியைச் செருகாமல் விடுவது பலமுறை நான் பார்த்த விடயம். சில பெட்டிகளில் அந்தக் கம்பிக்கு ‘எச்டி ஆடியோ’, ‘ஏசி97’ என்று இரண்டு முனைகள் இருக்கும், இன்றைய மதர்போர்ட்களுக்கு முதலாவதைத்தான் செருகவேண்டும். பெட்டியை அடுத்தமுறை எதற்காகவேனும் திறக்கும்போது சரிசெய்துகொள்ளலாம், அதற்காகவென்று தனியாகப் பணம் கொடுக்கவேண்டாம்.

குறைந்த ஒலிக்கு, அதே ‘ரெக்கோர்டிங்’ தாவலில் ஒலிவாங்கியை இருமுறை அழுத்தி ‘லெவல்ஸ்’ என்ற பகுதியைத் திறந்து, முதல் அளவை எண்பதுக்கு அருகில் வையுங்கள். அதன் கீழ் ‘பூஸ்ட்’ என்று டெசிபெல் கணக்கில் 10, 20, 30 என்று ஏறும் இன்னொன்று இருக்கும். 10 இல் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் 20 க்குப் போங்கள். 30 இல் மின்விசிறியின் ஓசையும் தெருநாயின் குரைப்பும் உங்கள் குரலோடு சேர்ந்து பெருகும். பூஸ்டைக் கூட்டுவதைவிட ஒலிவாங்கியை வாய்க்கு அருகே கொண்டுவருவதே மேல். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும், பின்னிரைச்சல் கூடாது. மேல்ஸ்தாயியில் பாடும்போது பட்டை முனையைத் தொடாதபடி வைத்துக்கொள்ளுங்கள், தொட்டால் குரல் கிழிந்து கேட்கும்.

உப்புவெளி மின்னிணைப்பாளர் எழுதியது:

இரைச்சல் குறித்து நான் கூறவேண்டியது உண்டு. எங்கள் மின்சாரம் 230 வோல்ட், ஒரு செக்கனுக்கு 50 சுழற்சி. நிலத்தொடுப்பு (எர்த்) சரியாக இல்லாத இடத்தில் அந்த 50 சுழற்சியும் அதன் மடங்குகளும் ஒலிக்கம்பியில் ஏறி, ஆசிரியை கூறும் ‘ம்ம்ம்’ என்ற ஓசையாகக் கேட்கும். கணினியின் மின்கம்பியில் நிலத்தொடுப்புக்கென்று ஓர் ஊசி உண்டு. அதை இரண்டு ஊசி மட்டும் ஏற்கும் பழைய நீட்டிப்புப் பலகையில் ‘அடாப்டர்’ எனப்படும் மாற்றி மூலமாகச் செருகியிருந்தால் நிலத்தொடுப்பு அங்கேயே அறுந்துவிடுகிறது. சுவரிலுள்ள மூன்று துளைச் சொக்கட்டில் கணினியை நேரடியாகச் செருகிப் பாருங்கள். இரைச்சல் போய்விட்டால் பலகைதான் காரணம். போகாவிட்டால் வீட்டின் நிலத்தொடுப்புக் கம்பியையே தகுதியுள்ள மின்னிணைப்பாளர் ஒருவரைக் கொண்டு அளந்து பார்க்கவேண்டும். கணினியின் உலோகப் பெட்டியைத் தொடும்போது மெல்லிய கூச்சம் தெரிந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள், அப்போது பாட்டைவிட உங்கள் பாதுகாப்புத்தான் முதன்மையானது. இரைச்சலைக் குறைப்பதற்காக நிலத்தொடுப்பு ஊசியை வெட்டிவிடும்படி எவரேனும் சொன்னால் ஒருபோதும் கேட்கவேண்டாம்.

உவர்மலை இசையாசிரியை எழுதியது:

சுவர்ச் சொக்கட்டுக்கு மாற்றியதும் இரைச்சல் நின்றுவிட்டது. உங்கள் இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. குரல் இப்போது தெளிவாகப் போகிறது. ஆனால் ஒன்று என்னை மிகவும் வருத்துகிறது. நான் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டுதான் பாடுவேன். வகுப்பு தொடங்கிய சில கணங்களில் சுருதி மறைந்துவிடுவதாகவும், நான் ஒரு சுரத்தில் நீண்டு நிற்கும்போது குரலும் தேய்ந்து அறுந்து விடுவதாகவும் பிள்ளைகள் கூறுகின்றனர். சுருதி கேட்காமல் பண் கற்பிக்க முடியாது. பதிவுசெய்து கேட்டால் இரண்டும் இருக்கின்றன.

கோணேசபுரி வளாக மாணவன் எழுதியது:

ஆசிரியை, பதிவில் இருக்கிறது, சூமில் இல்லை என்பதால் இம்முறை காரணம் சூமின் பக்கம்தான். சூம் மனிதப் பேச்சை மட்டும் அனுப்ப முயலும் வகையில் அமைக்கப்பட்டுள்ளது. பேச்சு நொடிக்கு நொடி மாறும். மின்விசிறி, குளிரூட்டி போன்றவற்றின் ஓசை மாறாமல் ஒரே நிலையில் நிற்கும். மாறாமல் நிற்கும் ஒலியை இரைச்சல் என்று கணித்து அது நீக்கிவிடுகிறது. சுருதியின் இலக்கணமே மாறாமல் நிற்பது என்பதால் அது முதலில் அகப்பட்டுக்கொள்கிறது. நீங்கள் கார்வை கொடுத்து நிற்கும் சுரத்துக்கும் அதே கதி நேர்கிறது.

இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. சூம் அமைப்புகளில் ‘ஆடியோ’ பகுதியில், இசைக்கலைஞர்களுக்கு உரியதாக ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபோர் மியூசிசியன்ஸ்’ என்ற தெரிவு உள்ளது. அதைத் தெரிவுசெய்து, அதன் கீழ் வரும் ‘ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோட்’ என்பதையும் தெரிவுசெய்யுங்கள். பிறகு வகுப்பு நடக்கும்போது சூம் திரையில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற பொத்தான் தெரியும், அதனையும் இயக்கவேண்டும். அமைப்பில் தெரிவுசெய்தது மட்டும் போதாது. அங்கேயே எதிரொலி நீக்கும் தெரிவும் இருக்கும். அதை நிறுத்தினால் பாட்டு இன்னும் இயல்பாகப் போகும், ஆனால் அப்போது நீங்கள் இயர்போனில்தான் கேட்கவேண்டும். ஒலிபெருக்கியில் கேட்டால் பிள்ளைகளின் குரல் உங்கள் ஒலிவாங்கி வழியாக அவர்களிடமே திரும்பிப் போகும். ஒலியளவைத் தானாக மாற்றும் ‘ஓட்டோமேட்டிக்கலி அட்ஜஸ்ட்’ என்ற தெரிவையும் நீக்கிவிடுங்கள், நீங்கள் மெல்லப் பாடும் இடத்தைக் கூட்டியும் உரக்கப் பாடும் இடத்தைக் குறைத்தும் அது பாட்டின் உணர்ச்சிப் பாவத்தைத் தட்டையாக்கிவிடும்.

டொரொன்டோப் பெற்றோர் எழுதியது:

ஆசிரியைக்கு வணக்கம். உங்கள் வகுப்பில் என் மகளும் இருக்கிறாள். கடந்த வகுப்பில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ இயக்கிய பின்னர் சுருதி தொடக்கம் முதல் இறுதிவரை கேட்டது. எங்கள் பக்கத்தில் உள்ள ஒரு சிக்கலைக் கேட்கவிரும்புகிறேன். மகள் பயன்படுத்துவது ஆப்பிள் மடிக்கணினி. அவள் பாடுவது ஆசிரியைக்குக் கேட்பதில்லை.

கோணேசபுரி வளாக மாணவன் எழுதியது:

அக்கா, ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்பதில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பகுதிக்குள் ‘மைக்ரோஃபோன்’ பட்டியலில் சூமுக்கு எதிரே உள்ள ஆளி மூடியிருக்கும் என்று நினைக்கிறேன். முதன்முறை நிறுவும்போது கேட்கப்படும் அனுமதிக்குப் பிள்ளைகள் ‘வேண்டாம்’ என்பதை அழுத்திவிடுவது வழக்கம், அதன்பிறகு அது மீண்டும் கேட்காது. ஆளியைத் திறந்த பின் சூமை முற்றாக மூடித் திறக்கவேண்டும். ஒலிவாங்கி பயன்பாட்டில் இருந்தால் அண்மைய பதிப்புகளில் திரையின் மேல் வலது பக்கத்தில் செம்மஞ்சள் புள்ளி தெரியும்.

மூதூர்ப் பெற்றோர் எழுதியது:

இந்த இழையை வாசித்துப் பயனடைந்தேன். எங்கள் மடிக்கணினியில் ஒலிவாங்கி நேற்றுவரை நன்றாக இருந்து இன்று காலை திடீரென நின்றுவிட்டது. ஒன்றையும் மாற்றவில்லை. விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்தப்பட்டதால் இப்படி நடக்கிறதா?

கிண்ணியா திருத்துநர் எழுதியது:

இல்லை. ஆதரவு நிறுத்தப்பட்டது என்றால் வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது என்பதே பொருள். அது கவனிக்கவேண்டிய விடயம்தான், ஆனால் ஒலிவாங்கியை அது நிறுத்தாது. முதலில் விசைப்பலகையின் மேல்வரிசையில் ஒலிவாங்கிப் படமும் குறுக்குக்கோடும் உள்ள விசையைத் தேடுங்கள். பல மடிக்கணினிகளில் அதில் சிறு விளக்கு எரிந்தால் ஒலிவாங்கி அடைக்கப்பட்டுள்ளது என்று பொருள், பிள்ளைகளின் கை பட்டால்கூட அடைபட்டுவிடும்.

அது இல்லையென்றால் ‘ஷட் டவுன்’ கொடுக்காமல் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். விரைவாகத் தொடங்கும் வசதி இயங்கும் கணினியில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால், விண்டோஸ் தன் உள்நிலையைச் சேமித்துவைத்து மறுநாள் அதையே மீண்டும் எடுக்கிறது. தடுமாறி நிற்கும் டிரைவரும் அப்படியே திரும்பி வரும். ‘ரீஸ்டார்ட்’ மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். அதன் பின்னரும் கேட்காவிட்டால் ‘டிவைஸ் மானேஜர்’ சென்று ஒலிக்கருவியை நீக்கி மீண்டும் தொடங்குங்கள், விண்டோஸ் டிரைவரைத் தானே திரும்பப் போடும். அதுவும் பொருந்தாவிட்டால் மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில், உங்கள் மாதிரி எண்ணுக்கு உரிய டிரைவரை எடுத்து நிறுவுங்கள். டிரைவர் தேடித் தருவதாகச் சொல்லும் பிற செயலிகளை நிறுவவேண்டாம்.

உவர்மலை இசையாசிரியை எழுதியது:

கடைசியாக ஒன்றைக் கேட்கிறேன். தாளம் போடும்போது இயர்போன் கம்பி கையில் சிக்குகிறது, கம்பியும் மேசையின் பின்பக்கத்திலிருந்து எட்டுவதில்லை. புளூடூத் ஹெட்செட் ஒன்று வாங்கலாமா?

கிண்ணியா திருத்துநர் எழுதியது:

பேச்சுக்கு வாங்கலாம், பாட்டுக்கு வேண்டாம் ஆசிரியை. புளூடூத் ஹெட்செட் கேட்பதற்கு மட்டும் பயன்படும்போது நல்ல தரத்தில் ஒலிக்கும். அதன் ஒலிவாங்கியையும் இயக்கியவுடன் பெரும்பாலானவை தொலைபேசிப் பேச்சுக்கு உரிய முறைக்கு மாறிவிடுகின்றன. அந்த முறையில் ஒலி நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகவே எடுக்கப்படுகிறது, கம்பி வழியாக வழமையாக எடுக்கப்படுவது 44,100 அல்லது 48,000. உங்கள் குரலின் மேலோசைகள் அதில் தங்குவதில்லை, சுருதியின் இழைவும் போய்விடும். ஒலி சற்றுத் தாமதித்தும் வரும்.

கம்பி எட்டாததற்கு நீட்டிப்புக் கம்பியே போதும். அதைப் பிரிப்பானுக்கும் கணினிக்கும் இடையில் போடுவதானால் பச்சைக்கு ஒன்று, இளஞ்சிவப்புக்கு ஒன்று என்று மூன்று தொடுகை உள்ள இரண்டு கம்பிகள் வேண்டும். இயர்போனுக்கும் பிரிப்பானுக்கும் இடையில் போடுவதானால் ஒரே கம்பி போதும், ஆனால் அதன் பிளக்கில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கவேண்டும். இரண்டு வளையம் உள்ளதைப் போட்டால் இயர்போனில் கேட்கும், ஒலிவாங்கி மறுபடியும் பேசாது. நீளம் இரண்டு மீற்றருக்கு மேல் வேண்டாம், நீளம் கூடக் கூட இரைச்சலும் கூடும். ஒலிவாங்கி இருக்கும் சிறு உருளையைச் சேலைக்கரையில் கிளிப்பால் பொருத்தி, துணியோ சங்கிலியோ அதில் உரசாதபடி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.